நம்மை என்ன பெயரில் தேடுவது? பப்மெட், கூகுள் ஸ்கொலர், கொக்ரேன், உள்ளூர்ச் சஞ்சிகைகள்: ஓர் ஒப்பீடு

அண்ணன் மகள் தாதியர் பட்டப்படிப்பில் மூன்றாம் வருஷம். லீவுக்கு வந்திருந்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அத்தே, தோட்டத்துல புள்ளத்தாச்சிங்களுக்கு ஏன் ரத்தம் கொறையுதுன்னு தேடுறேன். எல்லாமே தேத்தண்ணி குடிக்கிறதப் பத்தித்தான் வருது” என்றாள்.

அவள் தேடியது பப்மெட்டில், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளம் அது. டீ, அனீமியா, பிரெக்னன்ட் என்று மூன்று சொற்கள் தட்டியிருந்தாள். மூன்றிலும் பிழை இல்லை. ஆனால் பப்மெட்டுக்கு ‘டீ’ என்றால் கோப்பையில் இருப்பதுதான். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு காலையில் மலையேறும் பெண் அந்தச் சொல்லுக்குள் இல்லை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள பாலிஃபீனோல்கள், மரக்கறியிலும் தானியத்திலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கின்றன. இது பழைய ஆய்வு. 1975லேயே ‘கட்’ என்ற சஞ்சிகையில் இதுபற்றிய கட்டுரை வந்துவிட்டது. அந்த வரிசையில் வந்த கட்டுரைகள்தான் அவள் திரையை நிரப்பி நின்றன. கொழுந்து பறிக்கிறவர்கள் ஒருவரையும் காணோம்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு நூலகத்தில் உசாத்துணைப் பகுதியில் வேலை செய்கிறேன். தாதிய மாணவிகள், குடும்பநல உத்தியோகத்தர்கள், தோட்ட நலன் உத்தியோகத்தர்கள், வீட்டில் ஒருவருக்கு வந்த வருத்தத்தைப் பற்றி ஒழுங்காக வாசித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் என்று பலரும் வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “எதுல தேடுறது?” பப்மெட்டா, கூகுள் ஸ்கொலரா, கொக்ரேனா, நம் நாட்டுச் சஞ்சிகைகளா? ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு முடிவதில்லை. காரணம், ஒரே கேள்வியை இந்த நாலு இடத்திலும் நாலு விதமாக வெட்டிப் போட வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் உயிரான சொல் இன்னோரிடத்தில் வெறும் பாரம்.

தொடங்கும் முன் ஒன்று. தேடல் சொற்களை நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், இந்தத் தளங்களில் கட்டுரைகள் கிட்டத்தட்ட முழுக்க ஆங்கிலத்தில் சுட்டியிடப்பட்டிருப்பதால்.

கூகுள் ஸ்கொலர்: எல்லாரும் முதலில் போகிற இடம்

2004 நவம்பரில் வந்தது. போனில் உடனே திறக்கும், பதிவு கேட்காது, எழுத்துப் பிழை இருந்தாலும் சமாளிக்கும். இதன் பெரிய பலம், கட்டுரையின் முழு உடலுக்குள்ளும் தேடுவது. நுவரெலியா மாவட்டத்துத் தாய்மார் பற்றிய ஒரு கட்டுரையில் தோட்டப் பெண்கள் ஐந்தாம் அட்டவணையில் மட்டும் வந்திருந்தாலும் ஸ்கொலர் எட்டிப் பிடிக்க வாய்ப்புண்டு. பல்கலைக்கழக ஆய்வேடுகள், மாநாட்டுச் சுருக்கங்கள், அரச அறிக்கைகள் ஆகியவையும் இதில் வரும். மலையகத்தைப் பற்றிய எழுத்தில் கணிசமான பகுதி இப்படிப்பட்ட இடங்களில்தான் கிடக்கிறது என்பதால் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

பலவீனம் வரிசைப்படுத்துவதில். ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதற்கு ஸ்கொலர் நிறைய மதிப்புக் கொடுக்கிறது. பெரிய நாட்டுப் பெரிய ஆய்வு மேலே மிதக்கும். பதுளையில் நூறு இருநூறு பெண்களிடம் எடுத்த அருமையான ஆய்வு, மேற்கோள் குறைவு என்பதால் ஆழத்தில் கிடக்கும். எத்தனை இலட்சம் முடிவுகள் என்று மேலே காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்க விடாது. தேடல் வரி 256 எழுத்துக்குள் அடங்க வேண்டும். சொல்லின் கடைசியில் உடுக்குறி (*) போட்டு ‘பிளக்’ என்பதிலிருந்து பிளக்கர், பிளக்கர்ஸ், பிளக்கிங் எல்லாவற்றையும் அள்ளும் வேலை இங்கே நடக்காது.

ஆகவே ஸ்கொலரில் நீளமாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு மூன்று குறுகிய தேடல்களாக உடைப்பதுதான் நல்லது. மேற்கோள் குறிக்குள் ‘எஸ்டேட் செக்டர்’, வெளியே அனீமியா, ஸ்ரீலங்கா என்று ஒன்று. மேற்கோள் குறிக்குள் ‘டீ பிளக்கர்ஸ்’, வெளியே ஹீமோகுளோபின், நுவரெலியா என்று இன்னொன்று. ஊர்ப் பெயர் போட்டவுடன் பெரிய நாட்டுக் கட்டுரைகள் ஒதுங்கிவிடும். தேவையான கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அதன் கீழே இருக்கும் ‘சைட்டட் பை’யை அழுத்துங்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பிறகு வந்தவை வரிசையாக வரும். காசு கேட்கும் கட்டுரைக்கு ‘ஓல் வேர்ஷன்ஸ்’ஐத் தட்டிப் பாருங்கள், எங்காவது ஒரு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி இருக்கலாம்.

ஸ்கொலரின் முதல் பக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு அமைப்பு தோட்டத்துக் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை பற்றித் துண்டுப்பிரசுரம் அடிக்க நினைத்தது. தேடித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் பக்கத்தில் வந்த, நிறைய மேற்கோள் பெற்ற ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். கிழமைக்கு ஒரு தடவை மாத்திரை போட்டாலும் பலன் உண்டு என்றது அது. பிரசுரத்தில் அது “கிழமைக்கு ஒரு மாத்திரை போதும்” என்று ஆகிவிட்டது. அச்சுக்குப் போக முன் அதை வாசித்த ஒரு டொக்டர் நிறுத்தினார். அந்த ஆய்வு நடந்த இடத்துப் பெண்களின் நிலை வேறு, நம்முடைய நிலை வேறு. அன்றைக்கு நான் தேடியிருக்க வேண்டிய இடமும் வேறு.

கொக்ரேன்: ‘இது வேலை செய்யுமா?’ என்ற கேள்விக்கு

கொக்ரேன் அமைப்பு 1993ல் பிரித்தானியாவில் தொடங்கியது. ஆர்ச்சி கொக்ரேன் என்ற மருத்துவரின் பெயரால் வந்தது. ஒரு சிகிச்சையைப் பற்றி உலகம் முழுக்க நடந்த பரிசோதனைகளைத் தேடி எடுத்து, தரம் பார்த்து, சேர்த்து எடைபோட்டு ஒரே மீளாய்வாகத் தருவது இவர்கள் வேலை. நீங்கள் தனியாக ஐம்பது கட்டுரை வாசித்துக் குழம்ப வேண்டியதை ஏற்கெனவே ஒரு குழு செய்து வைத்திருக்கிறது.

இங்கே எல்லாரும் செய்யும் பிழை, தேடலில் ‘ஸ்ரீலங்கா’ போடுவது. என் அண்ணன் மகளும் போட்டாள். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. “அப்ப இதுல ஒண்ணும் இல்லயா அத்தே?” என்று மூடப் போனாள். கொக்ரேன் மீளாய்வுகள் ஊரைப் பற்றி எழுதப்படுவதில்லை. மாத்திரையைப் பற்றி, ஊசியைப் பற்றி, ஆலோசனை கொடுப்பதைப் பற்றி எழுதப்படுகின்றன. ஊரை எடுத்துவிட்டு ‘அயர்ன்’, ‘பிரெக்னன்ஸி’ என்ற இரண்டை மட்டும் தலைப்பில் தேடச் சொன்னேன். தினமும் கொடுப்பதைப் பற்றி ஒரு மீளாய்வு, இடைவிட்டுக் கொடுப்பதைப் பற்றி இன்னொன்று, இரண்டும் வந்து நின்றன.

2015ல் வந்த அந்த இரண்டாவது மீளாய்வு சொல்வது இதுதான்: இடைவிட்டுக் கொடுத்தாலும் தாய்க்கும் பிள்ளைக்கும் கிடைக்கும் பலன்கள் தினமும் கொடுப்பதற்குக் கிட்டத்தட்ட ஒத்திருக்கின்றன, பக்கவிளைவு குறைகிறது, ஆனால் பிரசவம் நெருங்கும்போது லேசான இரத்தசோகை வரும் வாய்ப்புக் கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டி இதைப் பயன்பாட்டுக்கு ஏற்றபடி வகுத்துச் சொல்கிறது. பொதுவாகத் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து. பக்கவிளைவால் தினமும் போட முடியாதவர்களுக்கு, அதுவும் கர்ப்பிணிகளில் இரத்தசோகை 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் மட்டும், கிழமைக்கு ஒரு தடவை 120 மில்லிகிராம். அந்த ‘மட்டும்’தான் என் துண்டுப்பிரசுரத்தில் விடுபட்டது. (கையிலிருக்கும் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக்கில் கேட்டுத்தான். இதை வாசித்துவிட்டு நாளைக்கே யாரும் மாற்ற வேண்டாம்.)

கொக்ரேனில் இன்னொரு நன்மை நம்மவர் பலருக்குத் தெரியாது. மீளாய்வுகளின் எளிய சுருக்கங்கள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கிடையாது, மொழிநடையும் சில இடங்களில் முரடாக இருக்கும். ஆனாலும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் அம்மாமாரிடம் வாசித்துக் காட்டக்கூடியது இதைப் போல வேறொன்றை நான் இதுவரை காணவில்லை.

“ஏன் நம்ம தோட்டத்துல இப்படி?” என்ற கேள்விக்குக் கொக்ரேன் உதவாது. அதற்குப் பப்மெட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

பப்மெட்: கஷ்டப்பட்டால் பலன் தரும் இடம்

அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் இதை 1996ல் தொடங்கியது, 1997லிருந்து எல்லாருக்கும் இலவசம். 3 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். ஸ்கொலருக்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம், பப்மெட் கட்டுரையின் உடலுக்குள் தேடாது. தலைப்பு, சுருக்கம், ஆசிரியர், சஞ்சிகை, சுட்டிச் சொற்கள் இவ்வளவுதான். அதனால் ஆய்வாளர் சுருக்கத்தில் எந்தச் சொல்லைப் போட்டாரோ அதே சொல்லில் நீங்களும் கேட்க வேண்டும்.

இரண்டாவது வித்தியாசம், ‘மெஷ்’ என்று சொல்கிற மருத்துவத் தலைப்புப் பட்டியல். 1960லிருந்து இருக்கிறது. ஹார்ட் அட்டாக் என்று நீங்கள் தட்டினால் பப்மெட் தானாகவே அதை மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன் என்ற தலைப்போடும் இணைத்துத் தேடும். கேன்சர் என்றால் நியோபிளாசம்ஸ். உங்கள் சொல்லை அது என்னவாக மாற்றிக்கொண்டது என்று பார்க்க, ‘அட்வான்ஸ்ட்’ பக்கத்துக்குப் போய், தேடல் வரலாற்றில் ‘டீடெய்ல்ஸ்’ஐ விரியுங்கள். என் அண்ணன் மகளுக்கு நான் முதலில் காட்டியது அதைத்தான். அவள் தட்டிய ‘டீ’யைப் பப்மெட் பானமாக எடுத்துக்கொண்டது அங்கே பச்சையாகத் தெரிந்தது. ‘டீ’ என்ற மெஷ் தலைப்பு பானத்துக்கு. செடிக்குக் ‘கமெலியா சைனென்சிஸ்’ என்று வேறு தலைப்பு. கொழுந்து பறிக்கிறவருக்கென்று ஒரு தலைப்பு கிடையாது.

வருத்தங்களுக்கு மெஷ் மிக நல்லது. நம் ஆட்களைத் தேட அது போதாது. இங்கேதான் வெறும் சொற்களால் தேடுவதா, மெஷ் தலைப்பால் தேடுவதா என்ற ஒப்பீடும் வருகிறது. பல வழிகாட்டிகள் மெஷ்ஷையே முன்னுக்கு வைக்கும். என் அனுபவத்தில் நீரிழிவு, காசநோய், உயர் இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அது சரி. மலையகம் சம்பந்தப்பட்டது என்றால் இரண்டையும் ‘ஓர்’ போட்டுச் சேர்க்க வேண்டும், வெறும் சொல் பக்கம்தான் பாரம் அதிகம் இருக்க வேண்டும். பப்மெட்டுக்குள் மெஷ் ஒட்டிச் சுட்டியிடப்படும் பெரிய பகுதிக்கு மெட்லைன் என்று பெயர். அதில் சேராத சஞ்சிகைகளின் கட்டுரைகளுக்கு மெஷ் தலைப்பே ஒட்டப்பட்டிருக்காது. மெஷ்ஷை மட்டும் நம்பினால் அவை கண்ணில் படாமலே போகும்.

சரி, வெறும் சொல் என்றால் எந்தச் சொல்? இதில்தான் நாங்கள் அன்றைக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தோம்.

நாம் நம்மை மலையகத் தமிழர் என்கிறோம். ஆய்வுக் கட்டுரைகள் அப்படிச் சொல்வது அண்மைக் காலத்தில்தான். அரச புள்ளிவிபரம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. அதனால் ‘எஸ்டேட் செக்டர்’ என்ற சொல் வந்தது. குடிசன மதிப்பீடு நெடுங்காலமாக ‘இந்தியன் டமில்’ என்றே எழுதி வந்தது. சிலர் ‘இந்திய வம்சாவளி’, சிலர் ‘அப்-கன்ட்ரி’, அதையே நடுவில் கோடில்லாமல் சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. ‘ஹில் கன்ட்ரி டமில்’, ‘பிளான்டேஷன் டமில்’ என்றும் வரும். ‘மலையக’ என்பதையே ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். தொழிலால் சொல்கிறவர்கள் டீ பிளக்கர், பிளான்டேஷன் வொர்க்கர், எஸ்டேட் வொர்க்கர் என்பார்கள். வீட்டால் சொல்கிறவர்கள் ‘லைன் ரூம்’ என்பார்கள். அவள் கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு பக்கம் முடிந்தது.

பழைய கட்டுரைகளுக்குப் போனால் இன்னும் ஒரு சொல் இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கப் பெரிய இயக்கம் நடந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் சுகாதாரக் கிளை அதில் இறங்கியிருந்தது. குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அந்தப் புழு, தோட்டத்து இரத்தசோகையின் கதையில் முதல் அத்தியாயம் என்றே சொல்லலாம். அந்தக் காலத்து எழுத்தைத் தேட வேண்டுமானால் ‘ஸ்ரீலங்கா’ உதவாது, பெயர் மாறியது 1972ல்தானே. ‘சிலோன்’ போட வேண்டும். ‘ஹுக்வேர்ம்’ஓடு ‘அன்கைலோஸ்டமியாசிஸ்’ என்ற பழைய பெயரும் வேண்டும். ‘எஸ்டேட் வொர்க்கர்’ என்றால் ஒன்றுமே வராது. ‘கூலி’ என்று தட்டினால்தான் வரும்.

நான் அதைச் சொன்னதும் அவள் கை நின்றுவிட்டது. “அதப் போடணுமா அத்தே?” என்றாள். போடத்தான் வேண்டும். எங்கள் பாட்டன் பாட்டியின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று அளந்து எழுதி வைத்தவர்கள் அந்தப் பெயரில்தான் எழுதி வைத்தார்கள். அந்தச் சொல்லைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்கும் நெஞ்சு சுருங்கும். ஆனால் அதைத் தவிர்த்தால் தவிர்க்கப்படுவது அந்த மனிதர்கள்தான். இந்தப் பழைய பக்கங்களுக்குப் பப்மெட்டைவிட, முழுக் கட்டுரைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பப்மெட் சென்ட்ரல் நல்லது. அங்கே உடலுக்குள்ளும் தேடும், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையின் 1840 தொடக்கமான இதழ்கள்கூட அங்கே இருக்கின்றன.

இனிச் சொற்களைக் கட்டும் விதம். ஒரே பொருளுள்ள சொற்களை ‘ஓர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் ஒரு கட்டாகக் கட்டுங்கள். கட்டுகளை ‘ஆண்ட்’ போட்டு இணையுங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். அடைப்புக்குறி இல்லாவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாக வரிசையாகக் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் கலக்கிவிடும். அன்றைக்கு நாங்கள் கட்டியது மூன்று கட்டு.

முதல் கட்டு வருத்தம்: அனீமியா, ஹீமோகுளோபின், அயர்ன் டெஃபிஷியன்ஸி. இதில் ஒரு கண்ணி உண்டு. மேற்கோள் குறியோ சதுர அடைப்புக்குறியோ உடுக்குறியோ போட்டவுடன் பப்மெட் தானாகச் சொல் மாற்றித் தேடுவதை நிறுத்திவிடும். அப்போது அனீமியாவையும் ஹீமோகுளோபினையும் பிரித்தானிய முறையிலும் அமெரிக்க முறையிலும், அதாவது ‘ஏ’யும் ‘ஈ’யும் சேர்த்து ஒரு தடவை, வெறும் ‘ஈ’யோடு ஒரு தடவை, நாமே எழுத வேண்டும். இலங்கை ஆய்வாளர்கள் பெரும்பாலும் பிரித்தானிய முறையில் எழுதுகிறவர்கள் என்பதால், அதை விட்டால் விடுபடுவது நம் கட்டுரைகள்.

இரண்டாம் கட்டு ஆட்கள். கொப்பியில் எழுதிய அந்தப் பக்கம் முழுக்க இதில் போகும். பிளக் என்பதற்குப் பின்னால் உடுக்குறி போட்டால் மூன்று வடிவமும் வந்துவிடும். உடுக்குறிக்கு முன் குறைந்தது நான்கு எழுத்து இருக்க வேண்டும். 2022லிருந்து பப்மெட்டில் அருகருகே தேடும் வசதியும் இருக்கிறது, அதை நான் மிகவும் விரும்புகிறேன். மேற்கோள் குறிக்குள் ‘டீ வொர்க்கர்ஸ்’ என்று எழுதி, அதை ஒட்டிச் சதுர அடைப்புக்குறிக்குள் டி-ஐ-ஏ-பி என்ற நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, அலைக்கோடு, 3 என்று போடுங்கள். டீ எஸ்டேட் வொர்க்கர்ஸ், டீ பிளான்டேஷன் வொர்க்கர்ஸ், அஸ்ஸாம் பக்கத்தார் சொல்லும் டீ கார்டன் வொர்க்கர்ஸ், சொற்கள் இடம் மாறிய வடிவங்கள் எல்லாமே ஒரே வரியில் விழும். இதற்குள் உடுக்குறி வேலை செய்யாது, ஆகவே ஒருமைக்கு இன்னொரு வரி.

மூன்றாம் கட்டு ஸ்ரீலங்கா ‘ஓர்’ சிலோன். ‘எஸ்டேட்’ என்றால் மற்ற நாட்டில் வீடு வளவு விற்பது. ‘பிளான்டேஷன்’ என்றால் றப்பரும் முள்தேங்காயும் கரும்பும். இந்த மூன்றாம் கட்டு போட்டவுடன் அதெல்லாம் விலகிவிடும்.

நாலாவதாகப் ‘பிரெக்னன்ஸி’யையும் போட அவள் விரும்பினாள். நான் வேண்டாம் என்றேன். கேள்வியை யாருக்கு, என்ன செய்தால், எதோடு ஒப்பிட்டு, என்ன விளைவு என்று நான்காகப் பிரிக்கும் முறையொன்றை 1995லிருந்து மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள், ‘பைகோ’ என்று பெயர். கேள்வியைத் தெளிவாக்க அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனால் நான்கையும் அப்படியே தேடல் வரியில் போட்டால், நான்கையும் சுருக்கத்தில் எழுதிய கட்டுரை மட்டும் வரும். தோட்டத்து இரத்தசோகை பற்றிய எழுத்து ஏற்கெனவே கொஞ்சம். அதற்குள் ‘மெட்டேர்னல்’ என்று எழுதியவர், ‘அன்டிநேட்டல்’ என்று எழுதியவர், ‘மதர்ஸ்’ என்று மட்டும் எழுதியவர் எல்லாரும் இருக்கிறார்கள். மூன்று கட்டோடு நிறுத்தி, வந்ததைக் கண்ணால் வாசித்துக் கழிப்பது மேல். அவ்வளவையும் ஒரு பின்னேரத்தில் வாசித்துவிடலாம்.

‘நாட்’ போட்டு, தேத்தண்ணி குடிப்பதை நீக்கிவிடலாமே என்றும் கேட்டாள். அதுவும் வேண்டாம். கொழுந்து பறிக்கும் பெண்கள் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்கிறார்களா என்று விசாரித்த ஒரு கட்டுரை இருந்தால், நமக்கு மிகத் தேவையான அந்தக் கட்டுரைதான் முதலில் தூக்கி எறியப்படும். அதேபோல ‘ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்’ என்ற வடிகட்டியை ஆரம்பத்தில் தொடாதீர்கள். முதலில் என்ன இருக்கிறது என்று தெரியட்டும். அதை எடுப்பது எப்படி என்பது அடுத்த வேலை. வருமானம் குறைந்த நாட்டு நிறுவனங்களுக்குச் சஞ்சிகைகளைத் திறந்துவிடும் உலக சுகாதார நிறுவனத் திட்டமான ஹினாரியில் நீங்கள் படிக்கும் நிறுவனம் பதிவு செய்திருந்தால் நூலகரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் போடலாம். நம் நாட்டு ஆய்வாளர்கள் பலர் சந்தோஷமாக அனுப்பி வைப்பார்கள்.

உள்ளூர்ச் சஞ்சிகைகள்

ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் என்ற தளம் 2008லிருந்து இருக்கிறது. நாட்டின் சஞ்சிகைகள் பலவற்றை ஒரே இடத்தில் இலவசமாக வாசிக்கலாம், மருத்துவச் சஞ்சிகைகளும் அதில் அடக்கம். பப்மெட்டில் எத்தனை பாடுபட்டோமோ அத்தனைக்கும் இங்கே எதிர்மாறு. ‘ஸ்ரீலங்கா’ போடுவதில் பலனே இல்லை, எல்லாமே ஸ்ரீலங்காதான். நீளமான கட்டுகளும் வேண்டாம். ‘எஸ்டேட்’ என்று ஒரு சொல், அல்லது ‘பிளான்டேஷன்’ என்று ஒரு சொல் போட்டு, வந்ததை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போங்கள். குளம் சின்னது, வலையை அகலமாக வீசலாம்.

சஞ்சிகை எதிலும் இல்லாதவையும் உண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வு அப்படி ஒன்று. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம் என்பது அதில்தான் இருக்கிறது. இதைப் பப்மெட்டில் தேடிக்கொண்டிருந்தால் பொழுது போகும். நேரே திணைக்களத்தின் தளத்துக்குப் போய் அறிக்கையைத் திறந்து, அதற்குள் ‘எஸ்டேட்’ என்று தேடுங்கள்.

இப்போது மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமே கட்டுரைப் பட்டியல் கேட்கிறார்கள். கேட்ட மாதிரியே ஆசிரியர் பெயர், வருஷம், சஞ்சிகை எல்லாம் போட்டு, இல்லாத கட்டுரையைக்கூட அவை எழுதித் தந்துவிடும். இரத்தசோகைக்கு ஆங்கிலத்தில் என்னென்ன சொற்கள் புழங்குகின்றன என்று கேட்டுச் சொற்பட்டியல் சேர்க்க மட்டும் பயன்படுத்துங்கள். அதையும் மெஷ் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பின்னேரம்தான் இருக்கிறது என்றால்

டேட்டாவும் சிக்னலும் அளவாக இருக்கிற இடத்தில் வாழ்கிறோம், நாலையும் ஆசை தீரத் தேட எல்லாருக்கும் முடியாது. கேள்வி சிகிச்சை பற்றியதென்றால் நான் கொக்ரேனில் தொடங்கி, ஊரை விட்டு, இரண்டு சொல்லில் தேடுவேன். பதில் கிடைத்தால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். கேள்வி நம் ஆட்களைப் பற்றியதென்றால் முதல் மணித்தியாலத்தைப் பப்மெட்டுக்கே கொடுப்பேன். கட்டுகளைக் கொப்பியில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு போனைத் திறப்பேன். உள்ளூர்த் தளத்தில் ஒற்றைச் சொல்லோடு அரை மணித்தியாலம். ஸ்கொலரைக் கடைசிக்கு வைப்பேன், அதுவும் கையில் கிடைத்த நல்ல கட்டுரைகளின் ‘சைட்டட் பை’ பார்க்கவும் இலவசப் பிரதி எடுக்கவும். வழமையாக எல்லாரும் போகும் வரிசைக்கு இது தலைகீழ். ஸ்கொலரில் தொடங்கினால் கண்ணுக்கு முன் நிறைய வந்துவிடும், தேடி முடித்துவிட்டோம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். அந்த எண்ணத்தால்தான் அன்றைக்கு நான் பிழை விட்டேன்.

தேடிய வரியை அப்படியே திகதியோடு கொப்பியில் எழுதி வையுங்கள், எடுத்த கட்டுரைகளின் பப்மெட் இலக்கத்தையும் சேர்த்து. சிக்னல் போனாலும் அந்த இலக்கம் போகாது. அடுத்த முறை எங்கிருந்து தட்டினாலும் அதே கட்டுரை வரும். பப்மெட்டில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து தேடலைச் சேமித்தால், புதிதாக வருவதை மின்னஞ்சலில் அனுப்பும்.

அண்ணன் மகள் அன்றிரவே கணக்குத் திறந்துவிட்டாள். மூன்றாம் கட்டை எடுத்துவிட்டு இன்னொரு தேடலையும் சேமித்திருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஏன் என்று கேட்டேன். “அஸ்ஸாம்லயும் நம்மள மாதிரிதானே அத்தே கூட்டிட்டுப் போயிருக்காங்க. அங்க என்ன எழுதிருக்காங்கன்னு பாக்கணும்” என்றாள். போன கிழமை வந்த மின்னஞ்சலில் இரண்டு கட்டுரை இருந்ததாம். ‘டீ கார்டன்’ என்ற சொல்லையும் ஆட்கள் கட்டில் தனியாகச் சேர்த்துவிட்டாள்.